தண்ணீர் வடிந்த பிறகும் அடுப்பு எரிய வேண்டும்

“சோறு ஆக்கிப் போடுவதெல்லாம் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சரி. வெள்ளத்தில் அடிபட்ட குடும்பத்துக்கு அரிசியைக் கொடு, பருப்பைக் கொடு. அவர்கள் வீட்டில் அவர்களே ஆக்கிக்கொள்வார்கள். தட்டைக் கையில் கொடுத்து வரிசையில் நிற்க வைக்காதே.” 2023 மார்ச் வெள்ளத்தின்போது, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான லாபிஸில் என் பெரியப்பா சொன்னது இது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவமழைக்கு முன்னாலும் எங்கள் ஊரில் கூட்டம் போடுகிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்து இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார். சமைத்த சோறு ஒரு வேளையோடு தீர்ந்துபோகும், பத்துக் கிலோ அரிசி பத்து நாளைக்கு வரும் என்று கணக்கும் காட்டுகிறார். கணக்கில் தவறில்லை. ஆனாலும் என் மனம் அதை ஏற்க மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்று நிதானமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவைக் கருமி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த வெள்ளத்தில் கோயில் மண்டபத்துக்கு முதல் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கியவரே அவர்தான். அவருடைய கோபம் தட்டின்மேல். அவர் சிறுவனாக இருந்தபோது அவர்கள் குடியிருந்த தோட்டம் துண்டாடப்பட்டது. ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் குடும்பங்கள் பட்ட பாட்டை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1960இல் இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கிக்கொள்ளக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்குப் பணம் கேட்டது அதனால்தான். வேலை இல்லாத அந்த மாதங்களில், பக்கத்துத் தோட்டத்து உறவினர் வீட்டுக்கு ஓர் ஈயத்தட்டோடு அனுப்பப்பட்ட பிள்ளை பெரியப்பா. அந்த வீட்டார் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லையாம். இருந்தும் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு நடந்த தூரத்தை அவர் இன்றுவரை மறக்கவில்லை. அவர் பேசும்போது எதிர்வாதம் செய்ய எனக்கு வாய் எழாததற்கு இதுவே காரணம்.

மண்டபத்து அடுப்பு

அந்த ஆண்டு வெள்ளத்தை ஜொகூர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மாநிலத்தில் 40,000 பேருக்கும் மேல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பத்து பகாட், யோங் பெங் பக்கம் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது. எங்களுக்கு வேகமாக ஏறி, அவர்களைவிட முன்னதாக வடிந்தது. நிவாரண மையங்களில் தங்கியவர்களுக்கு அங்கேயே சாப்பாடு கிடைத்தது. மையத்துக்குப் போகாதவர்கள்தான் எங்கள் கவலை. மாடி வீட்டு உறவினரிடம் ஒண்டிக்கொண்டவர்கள், ஆட்டையும் நாயையும் விட்டு வர மனமில்லாதவர்கள், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளி மண்டபத் தரையில் கிடத்த முடியாதவர்கள், பர்மிட் காலாவதியாகிவிட்ட பயத்தில் செம்பனைத் தோட்டத்துக் கொங்சி எனும் தொழிலாளர் குடியிருப்பை விட்டு நகராத வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இவர்களுக்காகத்தான் கோயில் மண்டபத்தில் அண்டாவை ஏற்றினோம். திருவிழா அன்னதானத்துக்கு இறங்கும் அதே அண்டாக்கள், காய் நறுக்கும் அதே கைகள்.

சமையலுக்குத் தலைமை பெரியம்மா. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கணவர் அரிசி மூட்டையே போதும் என்று வெளியே பேசிக்கொண்டிருக்க, இவர் உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தார். டைபாய்டு தடுப்பூசி போட்டவர்கள் மட்டுமே அண்டாப் பக்கம் வரலாம் என்றார்; உணவைக் கையாள்பவர்களுக்கு நம் நாட்டில் சட்டமே அதுதான் என்றாலும், கோயில் சமையலில் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. தேங்காய்ப்பால் சேர்த்த குருமா கூடாது என்றும் முதலிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டார். நம் வெயிலில் தேங்காய்ப்பால் சீக்கிரம் கெட்டுவிடும். சமைத்ததை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு ஓயாமல் சொல்வது சும்மா இல்லை. வெறும் சோற்றிலேயே ஆபத்து இருக்கிறது. பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. சோறு மெல்ல ஆறிக்கொண்டே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்குகின்றன. அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வீட்டை இழந்து நிற்பவனுக்கு வாந்தியும் பேதியும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகவே புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டினோம். அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தை ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் எழுதினோம். படகுக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்ட பொட்டலங்களைப் பெரியம்மா கண் கலங்கிக்கொண்டே குப்பையில் போட வைத்தார். 

சில வேளைகளிலேயே சாப்பிட்டவர்கள் பேசத் தொடங்கினார்கள். புளிச்சோறு போதும், ரசம் கிடைக்குமா என்று கேட்டார்கள். முதியவர்கள் கஞ்சி கேட்டார்கள். மழையில் நனைந்து, பயந்து, இரவெல்லாம் விழித்திருந்த உடம்புக்கு மிளகு ரசமும் குழைந்த சோறும் வேண்டியிருக்கிறது. ரசத்தைப் பொட்டலத்தில் கட்டி அனுப்புவது எவ்வளவு தொல்லை என்பது கட்டியவர்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் கட்டினோம்.

இதைப் படிக்கும் பலர் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற அமைப்பைக் காஸா செய்திகளில்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஏப்ரல் 1ஆம் தேதி அதன் ஊழியர்கள் 7 பேர் இஸ்ரேலின் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். சோறு கொண்டுபோன குற்றத்துக்காக உயிர் விட்டவர்கள். அந்த அமைப்பை 2010 ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு தொடங்கியவர் ஹோசே ஆண்ட்ரேஸ். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் உணவகங்கள் நடத்தும் சமையற்காரர். ஹைத்தி முகாமில் அவர் கறுப்பு அவரையைத் தமக்குத் தெரிந்த விதத்தில் சமைத்துவைத்தாராம். அங்கிருந்த பெண்கள், இதை மசித்துக் குழம்பாகச் செய்தால்தான் எங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லி, செய்யும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார்கள். கேட்டு அப்படியே செய்தார். 2017இல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடுகளைக் கொடுத்தபோதும், அந்தத் தீவின் சமையற்காரர்கள்தான் அந்தத் தீவின் சாப்பாட்டைச் சமைத்தார்கள். டப்பாவில் அடைத்த ராணுவ உணவு இல்லை. ஊர்ப் பெண்கள் சொல்ல, பெயர் பெற்ற ஒரு சமையற்காரர் கரண்டியை மாற்றிப் பிடித்த அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் ரசப் பொட்டலங்கள்தான் நினைவுக்கு வந்தன. நம் அன்னதானத்தில் கொடுப்பவர் விருப்பம்தான் இலையில் விழுகிறது. வெள்ளத்தில் அது செல்லாது.

பாட்டி காட்டிய மூலை

தண்ணீர் வடிந்தது. மையங்களை மூடினார்கள். ஆட்கள் வீடு திரும்பினார்கள். எங்கள் மண்டபத்திலும் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். இனி உலர் உணவு கொடுக்கும் கட்டம் என்று செயற்குழு முடிவெடுத்தது. பெரியப்பா விரும்பியது அதுதான். வேன் நிறைய அரிசி ஏற்றிக்கொண்டு அவரும் நானும் ஆற்றோரத் தாமானுக்குப் போனோம். பழைய தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறியவர்களுக்கு மலிவு விலையில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள் அவை.

நாங்கள் நுழைந்த முதல் வீட்டில் சேற்றுக்கோடு என் நெஞ்சு உயரத்துக்குச் சுவரைச் சுற்றி ஓடியது. குளிர்பெட்டி மல்லாந்து கிடந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேசைமேல் இரட்டை அடுப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அந்த வீட்டுப் பாட்டியின் மகன் ஈர்க்குச்சியால் பர்னர் துளைகளைக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு துளையைச் சுத்தம் செய்தால் உள்ளே தங்கியிருந்த ஈரச்சேறு பக்கத்துத் துளைக்கு வந்து அடைத்துக்கொண்டது. அவர் மறுபடி அதைக் குத்தினார். கேஸ் தோம்பு எங்கோ மிதந்து போயிருந்தது. பாட்டியும் மருமகளும் சேற்றை வாளியில் அள்ளி அள்ளிச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை சேறு. எங்களைப் பார்த்ததும் பாட்டி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “வையுங்கள் ஐயா, உங்களுக்குப் புண்ணியம்” என்று ஒரு மூலையைக் காட்டினார்.

அந்த மூலையில் மரப்பலகைமேல் ஏற்கெனவே ஒரு குவியல் இருந்தது. அரிசிப் பைகளே ஐந்தாறு இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சங்கத்தின், கட்சியின், கம்பெனியின் பெயர். எண்ணெய்ப் பொட்டலங்கள், கோதுமை மாவு, மீகூன், சார்டின் டின்கள். ஒன்றையும் பிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் மேகி மீயைப் பச்சையாக நொறுக்கி, மசாலாத்தூளைத் தூவித் தின்றுகொண்டிருந்தான். சாப்பிட்டீர்களா என்று பெரியப்பா கேட்டார். “அரிசிக்குக் குறைவில்லை ஐயா. உலை வைக்கத்தான் வழியில்லை” என்றார் பாட்டி. குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். காலையிலிருந்து பிஸ்கட்டும் பாட்டில் தண்ணீரும்தான் என்று மருமகள் சொன்னார். பெரியப்பா மூட்டையை இறக்கி வைக்காமல் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேசையோரம் உட்கார்ந்து இன்னொரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டார். அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்கு நான் மட்டும் போய் வந்தேன். எல்லா வீட்டிலும் ஒரு மூலையும் ஒரு குவியலும் இருந்தன. அடுப்பு எரிந்த வீடு ஒன்றுகூட இல்லை.

மையம் மூடும் நாளை நாம் துன்பம் முடிந்த நாளாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அன்றைக்குத்தான் வேலை தொடங்குகிறது. மையத்தில் இருந்தவரை வேளைக்குச் சோறு வந்தது. வீட்டுக்குத் திரும்பிய அன்றே அது நின்றுவிடுகிறது. உடம்பு அதிகமாக உழைக்கும் வாரத்தில் வயிறு காலியாகிறது. வெள்ள நீர் பட்ட சட்டி பானைகளையும் சமையல் மேடையையும் சோப்பு போட்டுத் தேய்த்து, குளோரின் நீரில் கிருமி நீக்கிய பிறகே தொடலாம். அந்தச் சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவுவது அப்படித்தான். சேறு அள்ளிய அதே கையால், அதே வீட்டில், அதே நாளில் சமைக்கச் சொல்வது நல்ல யோசனை இல்லை. இன்னொன்றும் உண்டு. அரிசி மூட்டை கொடுக்கும்போது அதோடு ஒரு வேலையையும் கொடுக்கிறோம். அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டுமா? பகல் முழுவதும் வாளி தூக்கிய மருமகள்தான் இரவில் நனைந்த விறகை ஊத வேண்டும். கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள் யாரும் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்து நான் பார்த்ததில்லை.

பெரியம்மாவின் பதில்

அன்றிரவு நடந்ததை நான் விவாதம் என்று சொல்ல மாட்டேன். பெரியப்பா நடந்ததைச் சொன்னார், பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியம்மா சொன்னார்: “எழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து சோறு போகும், பங்காளி வீட்டிலிருந்து போகும். அதைப் பிச்சை என்று எவராவது சொன்னதுண்டா? அந்த வீடும் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.”

பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் தட்டு வேண்டாம். தூக்குச்சட்டியில் போகட்டும். நாம்தான் போக வேண்டும், அவர்கள் வரக் கூடாது” என்றார். எனக்கு எல்லாம் விளங்கியது அந்த நேரத்தில்தான். அவர் இத்தனை நாளும் எதிர்த்தது சமைத்த சோற்றை இல்லை. நடந்து போய்க் கேட்டு வாங்க வேண்டிய நிலையைத்தான் எதிர்த்தார். துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுபோகிறவர்கள் யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சாப்பிடச் சொல்லி வற்புறுத்திவிட்டு வருவார்கள். அந்த முறை நம் கையிலேயே இருக்கிறது. வெள்ளத்துக்கு அதை எடுத்துப் பயன்படுத்த ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அண்டாக்கள் மறுபடி அடுப்பில் ஏறின. மாலையில் தூக்குச்சட்டிகள் வீடு வீடாகப் போயின, ரசத்தோடு. எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கும் பெரியப்பாவே விடை சொன்னார்: எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டுக்கு நிறுத்து. இதற்குக் கண்காணிப்பு எதுவும் தேவைப்படவில்லை. “நாளையிலிருந்து வேண்டாம் தம்பி, நாங்கள் ஆக்கிக்கொள்கிறோம்” என்று அவர்களே சொன்னார்கள். சொல்லும்போது சிலர் சட்டியை வெறுமையாகத் திருப்பித் தராமல் ஒரு கைப்பிடி முறுக்கோ வாழைப்பழமோ போட்டுக் கொடுத்தார்கள். சமைத்துப் போட்டால் மக்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று பேசுகிறவர்கள் இதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று பெருமையோடு சொல்கிறோம். அந்த அடுப்பு அங்கே திருவிழாவுக்காக எரியவில்லை. பசித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எரிகிறது.

ஒரு சிக்கல் மட்டும் எங்களால் தீர்க்க முடியாமல் இருந்தது. தாமானில் மலாய்க் குடும்பங்களும் இருந்தன. சைவச் சாப்பாடுதானே என்று நாம் நினைத்தாலும், கோயில் மண்டபத்துச் சமையலைச் சாப்பிட அவர்களுக்குத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். அந்த ஆண்டு நோன்பு மார்ச் 23ஆம் தேதி தொடங்கியது. சேறு காயாத வீட்டில் நோன்பு திறக்கவும், விடியலுக்கு முன் உண்ணும் சஹூருக்கும் சூடான சாப்பாடு வேண்டும். பாசார் ஓரத்தில் கடை வைத்திருந்த ஒரு மக்சிக்கின் (மலாய் அம்மாவின்) கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது, ஆனால் அவர் வீட்டு அடுப்பு தப்பித்திருந்தது. வசூலான பணத்தில் ஒரு பகுதியை அவரிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னோம். வியாபாரம் போய் உட்கார்ந்திருந்தவருக்கு வருமானம், அக்கம்பக்கத்துக்கு நம்பிக்கையான சாப்பாடு. வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சனும் 2020இல் கொரோனா காலத்தில் அமெரிக்காவில் இதைத்தான் செய்தது: மூடிக்கிடந்த உள்ளூர் உணவகங்களுக்குப் பணம் கொடுத்து, பசித்தவர்களுக்குச் சமைக்கச் சொன்னது. நாங்கள் அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. வேறு வழி இல்லாததால் செய்தோம். ஆனால் அடுத்த முறை முதல் நாளிலிருந்தே செய்வோம்.

அரிசி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அடுப்பு எரியத் தொடங்கிய வாரத்தில் அந்த மூலைக் குவியல்கள்தான் குடும்பங்களைக் காப்பாற்றின. அந்த வாரத்துக்குப் பெரியப்பாவின் கணக்கு முழுக்கச் சரி. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசாங்கம் அந்த ஆண்டு தந்த 1,000 ரிங்கிட் வாங் இசான் உதவித்தொகையும் நல்ல உதவிதான். ஆனால் அந்தப் பணம் கைக்கு வந்து, கடைகளைக் கழுவித் திறந்து, அடுப்பு வாங்கி, தோம்பு மாட்டும்வரை நடுவில் சில நாட்கள் இருக்கின்றன. யாருடைய பட்டியலிலும் இல்லாத நாட்கள் அவை. அந்த நாட்களை யார் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் கூட்டங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வடகிழக்குப் பருவமழைக்கு எங்கள் ஊரில் எழுதி ஒட்டியிருக்கும் ஏற்பாடு இது. மையம் மூடினாலும் மண்டபத்து அடுப்பு எரியும். தூக்குச்சட்டிகளைக் கோயில் அறையின் மேல் தட்டில், தண்ணீர் எட்டாத உயரத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். அரிசிக்காக வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு அடுப்புக்கும் தோம்புக்கும் ஒதுக்கப்படும். 14 கிலோ தோம்பில் நிரப்பும் கேஸ் மானிய விலையில் 26 ரிங்கிட் 60 சென்தான். ஒரு வீட்டின் அடுப்பைச் சீக்கிரம் எரிய வைத்தால் பல வேளைச் சமையல் மிச்சம். கொங்சியில் இருக்கும் தொழிலாளர்களுக்கு யார் கொண்டுபோவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அவர்கள் எங்களைக் கண்டாலே உள்ளே ஒளிந்துகொள்கிறார்கள். அவர்கள் மொழி பேசும் ஆள் ஒருவர் கூட வந்தால் நிலைமை மாறும். சாஆ, பெக்கோக், லாபிஸ் பக்கம் வங்காளமோ நேபாளியோ பேசத் தெரிந்தவர்கள் இருந்தால் தெரிவியுங்கள். பழைய இரட்டை அடுப்பு வீட்டில் சும்மா கிடந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள். பர்னர் அடைத்திருந்தால் பரவாயில்லை. அதைச் சுத்தம் செய்யப் பெரியப்பா இருக்கிறார்.